நாடகத்தைப் புதுசாக்கிப் படம் எடுத்தால் எது மிஞ்ச வேண்டும்? (ஜோஜி, மந்திரிகுமாரி, கணசத்ரு)

அடிவாரத்தான் | ஞாயிறு இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து 'ஜோஜி' பார்த்தோம். 2021இல் வந்த மலையாளப் படம், திலீஷ் போத்தன் இயக்கியது, ஃபகத் ஃபாசில் நடித்தது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தைக் கொண்டுபோய் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ராஜா கிடையாது, போர் கிடையாது, சூனியக்காரிகளும் கிடையாது. சொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிற ஓர் அப்பா, மூன்று பையன்கள். அப்பா படுக்கையில் விழுகிறார். கடைசிப் பையன் ஜோஜி காத்திருக்கிறான்.

என் மகளுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. என் அப்பா பாதியிலேயே எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டவர். சாப்பிடக் கூப்பிடப் போனால் கோபமாகவே பேசினார்.

"மேக்பெத் யாருடா? நாடே தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுற வீரன். ராஜா அவனை நம்பி அவன் வீட்டுக்கே விருந்துக்கு வந்து படுக்கறான். கத்தியெடுக்கறதுக்கு முன்னாடி 'இது தப்பு, இவர் என் விருந்தாளி, என் சொந்தக்காரர்'னு தனக்குத்தானே அவ்வளவு பேசறான். தெரிஞ்சே விழறான் பாரு, அதுக்குத்தான் நமக்கு நெஞ்சு பதறுது. இந்தப் பையன்கிட்ட விழறதுக்கு என்ன உயரம் இருக்கு?"

மகள் விடவில்லை. "தாத்தா, செலவுக்குப் பணம் வேணும்னாக்கூட அப்பா முன்னாடி போய் நிக்கணும். இத்தனை வயசுல. அந்த வீட்டுக்குள்ள அவர்தானே ராஜா? இப்ப அரமனை எங்க இருக்குன்னு நினைக்கறீங்க?"

சோறு ஆறிப்போச்சு. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறதாகவே எனக்குப் படுகிறது. பழைய நாடகத்தை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்து படமாக்கும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? இங்கே நாடகம் பார்த்தவர்கள், போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

பழைய ரீல் | ஞாயிறு இரவு 11:25

உங்கள் அப்பாவிடம் ஒன்று நினைவுபடுத்துங்கள். 'மேக்பெத்'தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தபோது பம்மல் சம்பந்த முதலியார் அதை 'மகபதி' ஆக்கினார். ஹாம்லெட் 'அமலாதித்தன்' ஆனான். 'சிம்பலின்' நாடகம் 'சிம்ஹளநாதன்'. பெயர், ஊர், உடை எல்லாமே நம்முடையதாக மாறின. தமிழாசிரியர் என்றால் நிச்சயம் படித்திருப்பார். தமிழ் மேடை தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

பம்மலின் சொந்த நாடகமான 'மனோகரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் ஒரு முறை படம். 1954இல் மறுபடியும் படம், சிவாஜி நடிக்க, கலைஞர் வசனத்தில். இன்று யாரைக் கேட்டாலும் 'மனோகரா' என்றால் அந்த 1954 வசனம்தான். பம்மல் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையாடல் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுக்குமொழியில் புதிதாக எழுதியதால்தான் அது பிழைத்தது என்பது என் கருத்து.

நம் சேலத்திலேயே இன்னொன்று. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வந்தது. மேடைக்கு என்பதைவிடப் படிப்பதற்கு என்று செய்யுளில் எழுதிய நாடகம். ஆங்கிலக் கதை ஒன்றைத் தழுவித்தான் அவரும் எழுதினார். அதை 1942இல் நம் ஊர் ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் 'மனோன்மணி' என்று படமாக்கியது. பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். 'நீராருங் கடலுடுத்த' வாழ்த்தோடு தொடங்குகிற ஒரு புத்தகத்தைத் தொட ஸ்டுடியோ முதலாளி டி.ஆர். சுந்தரத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! செய்யுளை அப்படியே வைத்திருந்தால் கொட்டகையில் ஈ ஓட்டியிருக்க வேண்டியதுதான்.

---

செவ்வாய்ப்பேட்டை | திங்கள் காலை 7:10

பழைய ரீல் ஐயா, மாற்றுவது பழைய வழக்கம் என்பதால் அது சரி என்று ஆகிவிடாது.

என் கோபம் ஒன்றுதான். கதை உன்னுடையது என்றால் உன் பேரிலேயே எடு. பெரிய ஆளின் பேரை முகப்பில் போட்டால் மரியாதை வருகிறது, திருவிழாக்களில் கூப்பிடுகிறார்கள், எழுதுகிறவர்களும் இரண்டு பத்தி கூடுதலாக எழுதுகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த ஆள் கட்டிய வீட்டில் ஒரு செங்கல்கூட இல்லை.

1996இல் பாஸ் லூர்மன் எடுத்த 'ரோமியோ ஜூலியட்' பாருங்கள். கார், துப்பாக்கி, பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கிறது. ஆனால் பேசுவது ஷேக்ஸ்பியரின் வரியை. வசனத்தில் 'வாள்' வருகிறதே என்று துப்பாக்கியின் மேலேயே 'வாள்' என்று பொறித்திருப்பார்கள். அதைக்கூட நான் ஏற்பேன். மூலத்துக்குக் கட்டுப்பட்டு, அதற்குள் இடம் தேடியிருக்கிறான். ஒரு கவிஞனுடைய நாடகத்தில் கவிதையைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது போலீஸ் ஸ்டேஷன் கேஸ் கட்டு.

---

பழைய ரீல் | திங்கள் காலை 9:02

அப்படியானால் குரோசாவா? 'மேக்பெத்'தை ஜப்பானியக் கோட்டைக்குள் வைத்து 1957இல் எடுத்தார். ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட அதில் கிடையாது. கடைசியில் சொந்த வீரர்களே அம்பு மேல் அம்பாக எய்ய, தோஷிரோ மிஃபுனே முள்ளம்பன்றி போல நிற்கிற காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து 'கேஸ் கட்டு' என்று சொல்லுங்கள்.

---

அடிவாரத்தான் | திங்கள் மதியம் 1:30

இரண்டு பேருக்கும் நன்றி. காலையில் வேலைக்குப் போகும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடந்தேன். தினமும் கடக்கிறதுதான். இன்று வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். 'மந்திரிகுமாரி' நினைவுக்கு வந்துவிட்டது.

1950. கலைஞர் முதலில் நாடகமாக எழுதி, பிறகு மாடர்ன் தியேட்டர்ஸுக்காகத் திரைக்கதை வசனம் எழுதியது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கியது. எம்.ஜி.ஆர். தளபதி. ஆனால் அந்தப் படம் நெஞ்சில் நிற்பது எம்.ஜி.ஆர். இல்லாத ஒரு காட்சியால். மலை உச்சிக்குப் பார்த்திபன் தன் மனைவி அமுதவல்லியை 'வாராய் நீ வாராய்' என்று பாடிக்கொண்டே கூட்டிப்போகிற காட்சி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. அதை நம் ஏற்காட்டில்தான் எடுத்தார்கள் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தெருப் பிள்ளைகள் வளர்ந்தோம்.

இந்தக் கதையின் வேர் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. முழுதாகக் கிடைக்கவில்லை, கைக்கு வந்தது 19 பாட்டு. ஆனால் கதை எல்லாருக்கும் தெரியும். கொலைக்களத்துக்கு இழுத்துப்போகிற திருடன் மேல் ஆசைப்பட்டு, அவனைக் காப்பாற்றிக் கட்டிக்கொள்கிறாள் வணிகன் மகள். ஒருநாள் ஊடலில் 'நீ கள்ளன்தானே' என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறாள். அதை மனதில் வைத்து அவன் மலைக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். சாவதற்கு முன் மூன்று முறை உன்னை வலம் வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வந்தவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். பிறகு பௌத்தத் துறவியாகிறாள்.

கலைஞர் என்ன செய்தார் பாருங்கள். வணிகன் மகள் மந்திரி மகளானாள். கள்ளன் ராஜகுருவின் பிள்ளையானான். காப்பியத்தில் இல்லாத அரண்மனைச் சூழ்ச்சி வந்தது. மதத்தின் பேரால் நாட்டை ஆட்டிப்படைக்கிற ஒரு ராஜகுரு வந்தான், நம்பியார் அதில் என்ன ஆட்டம் ஆடுவார்! 1950இன் அரசியல் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. குண்டலகேசியைப் பாடமாகப் படித்த ஒருவர் அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்து இப்போது என் அப்பா கேட்கிற அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

ஆனால் அந்த மூன்று சுற்றை மாற்றவில்லை. தாலி கட்டியவனைத் தெய்வமாக வலம் வருகிற சடங்கு, அவன் உயிரை எடுக்கிற வழியாகிறது. அவள் பிழைக்க வேண்டுமென்றால் அவள் நம்பிய எல்லாவற்றையும் கீழே தள்ள வேண்டும். அந்தச் சிக்கல் காப்பியத்தில் எவ்வளவு கனமோ படத்திலும் அவ்வளவு கனம். கதை என்ன உடை போட்டிருந்தால் என்ன, அந்தப் பெண் கொடுக்கிற விலை குறையவில்லை. நான் கேட்ட கேள்விக்கு என்னளவில் பதில் இதுதான். உள்ளே இருக்கிற மனுஷர் என்ன விலை கொடுக்கிறாரோ அந்த விலையைக் குறைக்காமல் கொண்டுவந்தால் மற்றதெல்லாம் மாறட்டும்.

அப்பா சொன்னதும் இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மேக்பெத்தின் விலை பெரிது, ஜோஜியின் விலை சிறிது என்கிறார்.

---

காப்பித்தோட்டம் | திங்கள் மாலை 6:15

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். விலை என்று சொன்னீர்கள், எனக்குப் பிடித்தது. ஆனால் ஜோஜியை மட்டும் பார்த்துவிட்டு அண்ணி பின்ஸியை விட்டுவிட்டீர்களே.

நாடகத்தில் மேக்பெத்தின் மனைவி அவனிடம் சொல்வாள்: உன் முகம் திறந்த புத்தகம் மாதிரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துவிடுவார்கள், வெளியே பூ மாதிரி இரு, அதற்கடியில் பாம்பாக இரு என்று. படத்தில் அப்பா செத்த வீட்டில் ஆள் கூடியிருக்கிறது. ஜோஜி மாடியை விட்டு இறங்கவில்லை. பின்ஸி போய், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வா என்கிறாள். அவ்வளவுதான் வசனம். கொரோனாக் காலம், எல்லார் முகத்திலும் மாஸ்க். முகத்தை மறை என்று அந்தக் காலத்து ராணி சொன்னதை அடுக்களையிலிருந்து வந்த மருமகள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அவள் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை அந்த வீட்டு ஆண்களுக்கு ஆக்கிப் போடுகிறாள். அந்தக் கிழவர் இருக்கிற வரைக்கும் தனிக்குடித்தனம் கிடையாது. எங்கள் எஸ்டேட் லைனிலும் அப்படிப்பட்ட மருமகள்களை எனக்குத் தெரியும். அவளுக்கு மகுடம் வேண்டாம், தனி அடுப்புதான் வேண்டும். அது சின்ன ஆசை என்று யார் சொன்னது?

---

மேச்சேரி கூத்து | திங்கள் இரவு 9:50

நம்ம வீட்ல மூணு தலைமுறையா கூத்துங்க. நான் ஆர்மோனியம். நீங்க பேசறது எல்லாம் எங்களுக்கு ராத்திரிக்கு ராத்திரி நடக்கறதுங்க.

போன மாசி மாசம் ஒரு ஊர்ல அரிச்சந்திரன் மயான காண்டம். விடியக்காலம் மூணரை இருக்கும், பனி. சந்திரமதி செத்த புள்ளையத் தூக்கிக்கிட்டு சுடுகாட்டுக்கு வரா. வழக்கமா வாய்க்கரிசி, முழத்துண்டு, கால்பணம் கேக்கணும். அதுக்கு முன்னால கோமாளி வேசம் கட்டற எங்க கட்டியக்காரன் குறுக்க வுழுந்து, 'ஆதார் கார்டு இருக்காம்மா? டோக்கன் போட்டியா? ஆன்லைன்ல பதிஞ்சியா?'னு கேட்டான். போர்வையப் போத்திக்கிட்டு இருந்த சனம் அத்தனையும் சிரிச்சுது. நான் கட்டைய அமுக்கி சுருதி குடுத்தேன். அரிச்சந்திரன் வேசக்காரர் பாட்ட எடுத்தாரு. பாட்டுல ஒரு எழுத்து மாறலைங்க, எங்க அப்பாரு காலத்துல பாடுனதுதான். முன்வரிசையில ஒரு அம்மா இப்பத்தான் சிரிச்சுது, முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுவுது. பொறவு தெரிஞ்சுது, அந்த வருசம்தான் அது மவன அடக்கம் பண்ணி இருக்குதுன்னு. அதுக்கும் கார்டு கேட்டு அலைய வுட்டிருக்காங்க.

கட்டியக்காரன் பேசறது இன்னிக்கு உள்ளது, பாட்டு அன்னிக்கு உள்ளது. ரெண்டும் ஒரே ராத்திரியில இருக்கோணும். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கேக்கறது பாட்டு, அடிவாரத்து அண்ணன் மக கேக்கறது கட்டியக்காரன். படம் எடுக்கறவங்க ரெண்டுல ஒண்ணத் தூக்கிடறாங்க. சண்ட அதுல தானுங்க வருது.

---

பழைய ரீல் | திங்கள் இரவு 10:30

கூத்து அண்ணா, நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்.ஆர். ராதா 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அன்றன்றைக்குப் பத்திரிகையில் வந்ததை மேடையில் பேசுவார். அதே நாடகம் 1954இல் படமானபோது கேமராவுக்கு முன்னால் பேசியது மட்டும் நின்றுவிட்டது. மேடை தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். படத்துக்கு அந்த வசதி கிடையாது. வேறொருவர் வந்து மறுபடி எடுத்தால்தான் உண்டு. அதனால்தான் படத்தில் நாடகத்தை மாற்றும்போது இவ்வளவு அடிதடி. ஒரு தடவை தப்பினால் தப்பினதுதான்.

---

குகை நெசவு | செவ்வாய் அதிகாலை 12:20

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்.

இப்சன் 1882இல் எழுதிய 'மக்கள் எதிரி' நாடகத்தைச் சத்யஜித் ரே 1989இல் 'கணசத்ரு' என்று வங்காளத்தில் எடுத்தார். இப்சனில் ஒரு நார்வே ஊர், ஊருக்கே வருமானம் தருகிற குளியல் நிலையம், அதன் தண்ணீரில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்திருக்கிறது. கண்டுபிடிப்பவர் டாக்டர், மறைக்கப் பார்ப்பவர் ஊர்த் தலைவராக இருக்கிற அவருடைய அண்ணன். ரே அதைக் கோயில் ஊராக்கினார். குளியல் தண்ணீர் கோயில் தீர்த்தமானது. ஊரில் மஞ்சள் காமாலை, தீர்த்தத்தில் கிருமி என்கிறார் டாக்டர். சௌமித்ர சாட்டர்ஜி அந்த டாக்டர். தீர்த்தத்தில் துளசி இருக்கிறதே, அதில் எப்படிக் கிருமி வரும் என்று எதிர்த் தரப்பு கேட்கிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கேள்வி நார்வேயில் எழ வாய்ப்பே இல்லை, நம் ஊரில் எந்தத் தெருவிலும் எழும். மாற்றினால் இப்படி மாற்ற வேண்டும்.

ரேக்கு அதற்கு முன் மாரடைப்பு வந்திருந்தது. மருத்துவர்கள் வெளியே போய்ப் படமெடுக்க விடாததால் பெரும்பாலும் செட்டுக்குள்ளேயே எடுத்தார். 'இது நாடகம் மாதிரியே இருக்கிறது, படமாகவே இல்லை' என்று ஒரு கூட்டம் சொன்னது. ஒருவருக்கு அதிகம் மாற்றியது குறை, இன்னொருவருக்குப் போதுமான அளவு மாற்றாதது குறை.

இனி என் கதை. சில வருடத்துக்கு முன் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இதே இப்சன் நாடகத்தைச் சேலத்துக்கு மாற்றினோம். குளியல் நிலையத்துக்குப் பதில் திருமணிமுத்தாறு. தோல் ஆலைக்குப் பதில் சாயப்பட்டறை. வெள்ளிக்கிழமை தறி நின்ற பிறகு ஒரு தறிக்கூடத்தில் ஒத்திகை. செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் பிரதியைப் படித்துவிட்டு, சாயப்பட்டறையை வெளியூர்க் கம்பெனி என்று மாற்றச் சொன்னது. கடைசியில் எல்லாரும் சமாதானமாகிற மாதிரி முடிக்கச் சொன்னது. நாங்கள் மறுத்தோம். பணமும் வரவில்லை, அவர்கள் பேசிக் கொடுத்திருந்த மண்டபமும் போய்விட்டது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஒத்திகையைப் பட்டறையில் வேலை செய்கிற ஓர் அண்ணன் தினமும் வந்து பார்ப்பார். நூல் சிட்டம் தோய்த்துத் தோய்த்து இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம், நகக்கண்ணில் கறுப்பு. டாக்டர் மேடையில் முழங்குகிற காட்சி முடிந்ததும் எல்லாரும் கை தட்டினோம். அவர் தட்டவில்லை. என்னண்ணா என்றேன். "அந்த டாக்டர் சொல்றது நெசந்தான் கண்ணு. தண்ணி நாறுது, எம் பொண்ணுக்கே சொறி. ஆனா பட்டறைய மூடுனா மறுநா கூலிய யாரு குடுப்பா? அதையும் அவரு சொல்லோணுமில்ல?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் ஊரை மாற்றினோம், ஆற்றை மாற்றினோம், டாக்டருக்குச் சேலத்துப் பேச்சு வாங்கிக் கொடுத்தோம். ஊர் ஏன் அவருக்கு எதிரே நிற்கிறது என்பதை மட்டும் நார்வேயிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். எங்கள் நாடகத்தில் எதிர்க்கிறவன் எல்லாம் கெட்டவன். இப்சனில் டாக்டருக்கே சோற்றில் கை வைக்கிறார்கள். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வர வேண்டிய பணத்தை எடுத்து மாமனார் அந்தக் குளியல் நிலையத்துப் பங்கையே வாங்கிவிடுகிறார். நீ உண்மையைச் சொன்னால் உன் பிள்ளைகள் தெருவில் என்று அர்த்தம். அந்த இடத்தை நீளம் என்று வெட்டியிருந்தோம்! அடிவாரத்தான் சொன்ன விலை இதுதான். நாங்கள் வெட்டியது அதைத்தான்.

---

செவ்வாய்ப்பேட்டை | செவ்வாய் காலை 6:45

குகை நெசவு, இரண்டு தடவை படித்தேன். உங்கள் நாடகத்தைப் பார்க்கக் கிடைக்காமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது. அந்த மாமனார் காட்சியை மூலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் வெட்டியிருக்க மாட்டீர்கள் என்பதையும் பாருங்கள். நான் கத்துவது இதற்காகத்தான். பழைய ஆள் ஒன்றை அங்கே வைத்திருந்தால் காரணத்தோடு வைத்திருப்பான்.

'கணசத்ரு' முடிவு பற்றி யாரும் பேசவில்லையே. இப்சனில் டாக்டர் தனியாக நிற்கிறார். தனியாக நிற்கிறவன்தான் உலகத்திலேயே பலசாலி என்று சொல்லி நாடகம் முடிகிறது. ரே படத்தில் வெளியே இளைஞர்கள் திரண்டு டாக்டருக்காகக் கோஷம் போடுகிற சத்தம் கேட்கிறது. நான் அதை மன்னிக்கவில்லை. தனி ஆளாக நிற்பதுதானே அவர் கொடுத்த விலை? கூட்டத்தைக் கொண்டுவந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ரே.

---

காப்பித்தோட்டம் | செவ்வாய் காலை 8:30

எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. ஒரு வயதில், உடம்பு முடியாமல் படமெடுக்கிற ஒருவர், பின்னால் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நம்ப விரும்பியிருக்கிறார். அது அவருடைய சொந்த வார்த்தை. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதேன்.

---

மேச்சேரி கூத்து | செவ்வாய் மதியம் 2:05

குகை அண்ணா, அந்த நாடகத்த எங்க ஊர்க் களத்துல போடுங்க. மண்டபம் வேண்டாம், வாடகை வேண்டாம். பாட்டுக்கு நான் வரன். அந்த நீலக்கை அண்ணனக் கட்டியக்காரனா நிக்க வையுங்க.

---

அடிவாரத்தான் | புதன் இரவு 11:10

இந்த இழை முழுவதையும் நேற்று சாயங்காலம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'மகபதி'யைச் சொன்னதும் சிரித்தார், படித்திருக்கிறார். மாஸ்க் விஷயத்தை மகள் தன் போனில் ஓட்டிக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'இது நல்லா இருக்கு' என்றார். ஜோஜியைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று ராத்திரி மூன்று பேரும் 'கணசத்ரு' பார்த்தோம். இந்தத் தடவை அப்பா எழுந்து போகவில்லை. கடைசியில் கோஷம் கேட்டதும் டி.வி.யை நிறுத்தச் சொன்னார். இப்சன் எப்படி முடித்தார் என்று கேட்டார், செவ்வாய்ப்பேட்டை எழுதியதைப் படித்தேன். மகள் கூட்டம் வந்ததுதான் சரி என்றாள், நான் தனியாக நிற்பதுதான் சரி என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினோம்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தனியா நின்னாலும் கூட்டத்தோட நின்னாலும், அந்தப் பட்டறைக்காரர் கேட்டதுக்கு ரெண்டு பேருமே பதில் சொல்லலையே" என்றார். பிறகு, குகை நெசவு, உங்களிடம் அந்தப் பிரதி இன்னும் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். மாமனார் காட்சியை மட்டும் தமிழில் எழுதித் தருகிறாராம்.